வரிசைக்கு ஒரு விலை: மாநிலத் தேர்தல்களும் கணிப்புச் சந்தைகளும்

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்தில் நடந்த சட்டசபைத் தேர்தலில், எந்தக் கட்சியின் கொள்கை சிறந்தது, எந்தக் கூட்டணியின் கையில் நிர்வாகத்தை ஒப்படைக்கலாம் என்ற வழக்கமான வினாக்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எந்தக் கட்சி முதலிடத்தில் நிற்கப்போகிறது என்ற ஒற்றை வினாவே வாக்காளர் மனத்தை ஆக்கிரமித்துக்கொண்டது. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான 1990ஆம் ஆண்டிலிருந்து அந்த மாநிலத்தில் நடந்த சட்டசபைத் தேர்தல் ஒவ்வொன்றிலும் சமூக ஜனநாயகக் கட்சியே முதலாவதாக வந்திருந்தது. 2013 முதல் அங்கே முதன்மந்திரியாக இருந்துவந்த டீட்மார் வோய்ட்கே, ‘ஜெர்மனிக்கான மாற்று’ என்ற தீவிர வலதுசாரிக் கட்சி இம்முறை தம் கட்சியை முந்திவிடுமானால் தாம் பதவியைத் துறந்து போய்விடுவதாகத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே பகிரங்கமாக அறிவித்துவிட்டார். அந்தக் கணத்திலிருந்து, தேர்தலின் விளைவாகிய வரிசையே தேர்தலின் விஷயமாகவும் ஆயிற்று.

கட்சிகளின் வரிசையைப் பற்றிப் பணம் வைத்து ஆரூடம் சொல்லும் கணிப்புச் சந்தைகள் உலகெங்கும் பெருகிவருகின்ற இக்காலத்தில், நாட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பெருந்தேர்தல்களோடு நில்லாமல், ஒரு மாநிலத்தின் சட்டசபையில் எந்தக் கட்சி முதலாவது, எது இரண்டாவது, எது மூன்றாவது என்பது வரை தனித்தனிப் பத்திரங்கள் வெளியிடப்பட்டு, வாங்குவோரும் விற்போரும் அவற்றுக்கு ஒரு விலையை நிர்ணயிக்கிறார்கள். அந்த விலை எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைக் கிழக்கு ஜெர்மனியின் மூன்று மாநிலங்களில் 2024 செப்டம்பரில் நடந்த தேர்தல்களை வைத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்தலின் மீது பந்தயம் கட்டுவது புதிய வழக்கமன்று. போப்பாண்டவரின் தேர்வைக் குறித்து ரோமாபுரியில் நடந்த பந்தயங்கள் எல்லை மீறிப்போனதால், பந்தயம் கட்டுவோரைச் சமயத்திலிருந்தே விலக்கிவைப்பதாக 1591இல் பதினான்காம் கிரெகோரி கட்டளை பிறப்பிக்க நேர்ந்தது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பிந்திய காலந்தொட்டு இரண்டாம் உலக யுத்தம் வரையில் நியூயார்க்கின் தரகர்களிடையே ஜனாதிபதித் தேர்தலின் மீது பெருந்தொகைகள் கைமாறின; அவ்விகிதங்களைப் பத்திரிகைகள் நாள்தோறும் பிரசுரித்தன. விஞ்ஞான முறையிலான கருத்துக்கணிப்பு தோன்றி வேரூன்றியபின் அந்த வழக்கம் மங்கிற்று. பிறகு 1988இல் அயோவா பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர்கள், ஆராய்ச்சிக்கென்றே ஒரு சிறு சந்தையை ஏற்படுத்தினார்கள். ஒருவர் 500 டாலருக்கு மேல் போடக்கூடாது என்ற வரம்போடு நடந்துவந்த அந்தச் சந்தைதான் இன்றுள்ள பெரிய சந்தைகளுக்கெல்லாம் முன்னோடி.

இவற்றின் அடிப்படைத் தத்துவம் எளியது. இன்ன கட்சி முதலிடம் பெற்றால் ஒரு டாலர், பெறாவிட்டால் ஒன்றுமில்லை என்று எழுதிய ஒரு பத்திரம் இன்று 60 சென்டுக்கு விற்கிறதென்றால், அந்தக் கட்சி முதலிடம் பெறுவதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு இருப்பதாகச் சந்தை கருதுகிறது என்று கொள்ளலாம். இதற்கு மேற்பட்டு நம்புகிறவன் வாங்குவான், குறைத்து மதிப்பிடுகிறவன் விற்பான். இருவரிடமும் சிதறிக்கிடக்கும் ஞானம் ஓர் எண்ணாகத் திரண்டு நிற்கும். பொருளாதார அறிஞர் ஹாயெக், எந்த ஒரு தனி மனிதனிடமும் முழுமையாக இல்லாத அறிவை விலை என்னும் சாதனம் எவ்வாறு ஒன்றுசேர்க்கிறது என்பதைப் பற்றி 1945இல் எழுதிய கட்டுரையே இச்சந்தைகளின் ஆதரவாளர்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் பிரமாணம். ஒவ்வொருவரும் தத்தம் கட்சிப்பற்றினால் மதிமயங்கி வாங்கினாலும்கூட, விலையை உண்மையில் நகர்த்துகிற ஒரு சிறு கூட்டத்தாருக்கு அந்த மயக்கம் குறைவு என்பதால் விலை பெரும்பாலும் செம்மையாகவே அமைகிறது என்பது அயோவா ஆராய்ச்சியாளர்கள் தங்கள் முதல் சந்தையிலிருந்தே கண்ட முடிவு.

கருத்துக்கணிப்பைவிடச் சந்தை மேலானதா என்ற விவாதத்தில் நான் நெடுநேரம் தங்க விரும்பவில்லை. ஐந்து ஜனாதிபதித் தேர்தல்களில் வெளியான 964 கருத்துக்கணிப்புகளோடு ஒப்பிட்டபோது, நூற்றுக்கு 74 தடவை அயோவாச் சந்தையே இறுதி முடிவுக்கு அருகில் நின்றது என்று 2008இல் அதன் பேராசிரியர்கள் எழுதினார்கள். அதே ஆண்டில் எரிக்சன், வ்லெஸியன் என்ற இரு அரசியல் அறிஞர்கள், தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன் எடுத்த கருத்துக்கணிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், முன்னனுபவத்தைக் கொண்டு அதைத் திருத்திப் பார்த்தால் சந்தையின் மேன்மை மறைந்துபோகிறது என்று மறுத்தார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இரு தரப்பாரும் பேசியது இரண்டு பெரிய கட்சிகள் மோதுகிற ஒரு தேசத் தேர்தலைப் பற்றி. ஏழெட்டுக் கட்சிகள் போட்டியிட்டு, விகிதாசாரப்படி ஸ்தானங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு மாநிலச் சட்டசபையில், வரிசையை விலைபேசும்போது எழுகின்ற சிக்கல்கள் வேறு வகையானவை.

முதற்சிக்கல் கணிதத்தைச் சேர்ந்தது. வரிசைச் சந்தையை ஒரு சதுரக் கட்டமாக எண்ணிப்பார்க்கலாம்: மேலிருந்து கீழாகக் கட்சிகள், இடமிருந்து வலமாக முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம், நான்காமிடம் எனக் கடைசி இடம் வரை. ஒரு கட்சி ஏதேனும் ஓர் இடத்தில் வந்தே தீரவேண்டுமாகையால் ஒவ்வொரு கிடைவரிசையின் விலைகளும் கூட்டினால் நூறு ஆகவேண்டும். ஓர் இடத்தில் ஏதேனும் ஒரு கட்சிதான் இருக்க முடியுமாகையால் ஒவ்வொரு பத்தியின் விலைகளும் நூறு ஆகவேண்டும். எங்கேனும் 106 என்றோ 94 என்றோ வந்தால், சாமர்த்தியசாலியான ஒருவன் எல்லாவற்றையும் சேர்த்து விற்றோ வாங்கியோ ஆபத்தில்லாத லாபம் பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்கிறவர்கள் இருப்பதனால்தான் விலைகள் சீர்படுகின்றன. மாநிலத் தேர்தல்களைப் போன்ற சிறு சந்தைகளில், கட்டணமும், முடிவு வரும்வரையில் பணம் முடங்கிக் கிடப்பதும், எதிரே வாங்க ஆள் இல்லாமையும் சேர்ந்து இந்தச் சீர்திருத்தத்தைத் தடுத்துவிடுகின்றன. ஆகவே கட்டத்தின் ஓரங்களில், அதாவது வாய்ப்புக் குறைந்த கட்சிகளின் பத்திரங்களில், விலை தகுதிக்கு மீறி ஏறி நிற்பது வழக்கம். குதிரைப் பந்தயத்தில் வெற்றி வாய்ப்பற்ற குதிரையின் மேல் ஜனங்கள் அளவுக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள் என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சியாளர் கண்டிருக்கும் அதே சபலந்தான் இங்கும்.

குதிரைப் பந்தயத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. முதலிடத்துக்கான வாய்ப்புகள் தெரிந்தால் அவற்றிலிருந்து இரண்டாமிடம், மூன்றாமிடம் ஆகியவற்றின் வாய்ப்புகளைக் கணக்கிடுவதற்கு 1973இல் ஹார்வில் என்பவர் குதிரைப் பந்தயத்துக்காகவே ஒரு சூத்திரம் வகுத்தார். முதலில் வந்த குதிரையை விலக்கிவிட்டு, எஞ்சிய குதிரைகளின் வாய்ப்புகளை அவற்றின் பழைய விகிதப்படியே மறுபடி பங்கிட்டால் இரண்டாமிடத்துக்கான வாய்ப்பு கிடைத்துவிடும் என்பது அதன் சாரம். இதைத் தேர்தலுக்குப் பொருத்திப் பார்ப்போம். உதாரணத்துக்காக, நான்கு கட்சிகளில் முதலிடத்துக்கான வாய்ப்பு அ-வுக்கு நூற்றுக்கு 50, ஆ-வுக்கு 45, இ-க்கு 3, ஈ-க்கு 2 என்று வைத்துக்கொண்டால், அச்சூத்திரப்படி அ இரண்டாமிடத்தில் வருவதற்கு 43.5 வாய்ப்பும், மூன்றாவதாகவோ அதற்குக் கீழோ விழுவதற்கு 6.5 வாய்ப்பும் உண்டென்று வரும். ஆனால் பிராண்டன்பர்க்கைப் போல முதல் இரு கட்சிகளும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, மூன்றாவது கட்சி பத்துச் சதவீதத்துக்கு மேல் பின்தங்கியிருக்கிற ஒரு தேர்தலில், முதலிரண்டில் ஒன்று மூன்றாமிடத்துக்கு விழுவது நடக்காத காரியம். சூத்திரம் காட்டும் அந்த 6.5 வெறும் மாயை.

பிழை எங்கே நேர்ந்தது? ஒரு குதிரை நன்றாக ஓடுவதால் இன்னொரு குதிரையின் கால்கள் பலவீனமடைவதில்லை. கட்சிகளின் கதி அவ்விதமல்ல. வாக்குகளின் மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்ட முடியாதாகையால், ஒரு கட்சி பெறுகின்ற ஒவ்வொரு வாக்கும் இன்னொரு கட்சியிடமிருந்தோ, வீட்டிலேயே இருந்துவிட எண்ணிய ஒருவரிடமிருந்தோ வந்தாகவேண்டும். அது எவரிடமிருந்து வருகிறது என்பதே வரிசையை நிர்ணயிக்கிறது. முதலிடத்தின் விலையும் மூன்றாமிடத்தின் விலையும் தனித்தனிப் பத்திரங்களாக விற்கப்படுகின்ற சந்தையில் இந்த உறவு எங்கும் பதிவாவதில்லை. நான்கு கட்சிகளுக்கு 24 வரிசைமுறைகள் சாத்தியம். ஏழு கட்சிகளுக்கு 5040. கட்டத்தின் ஓரக் கூட்டுத்தொகைகள் மட்டும் தெரிந்திருக்க, அந்த 5040இல் எது எவ்வளவு சாத்தியம் என்பதை எவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது.

இந்தக் கணிதம் பிராண்டன்பர்க்கில் உயிர்பெற்று நடமாடிற்று. தேர்தலுக்கு முந்திய கடைசிக் கருத்துக்கணிப்புகளில் ‘ஜெர்மனிக்கான மாற்று’ சற்று முன்னே நின்றது. சமூக ஜனநாயகக் கட்சி ஏறக்குறைய ஒரு சதவீதம் பின்னே நெருங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்தவ ஜனநாயக ஐக்கியம் மூன்றாமிடத்திலும், அவ்வாண்டுதான் பிறந்த ஸாரா வாகன்க்னெஷ்ட் கட்சி நான்காமிடத்திலும் இருந்தன. அண்டை மாநிலமாகிய சாக்ஸனியின் முதன்மந்திரி மிகாயேல் கிரெட்ஷ்மர் தாமே கிறிஸ்தவ ஜனநாயகர்; அப்படியிருந்தும், பிராண்டன்பர்க்கில் தம் கட்சியின் வேட்பாளர் மனம் புண்படும்படி, போட்டிக் கட்சிக்காரரான வோய்ட்கேயின் வெற்றியை விரும்பிப் பேசினார். வாக்குப்பதிவு நூற்றுக்கு 72.9 ஆயிற்று, ஐந்தாண்டுகளுக்கு முன் அது 61.3. முடிவில் சமூக ஜனநாயகக் கட்சி 30.9 சதவீதமும், ‘மாற்று’ 29.2 சதவீதமும், வாகன்க்னெஷ்ட் கட்சி 13.5 சதவீதமும், கிறிஸ்தவ ஜனநாயகர் 12.1 சதவீதமும் பெற்றன. சமூக ஜனநாயகருக்கு வாக்களித்தவர்களில் நால்வரில் மூவர், அக்கட்சியின் மேல் முழு நம்பிக்கை இல்லாவிட்டாலும் ‘மாற்று’ வலுப்பெறாமல் தடுப்பதற்காகவே வாக்களித்ததாக அன்றைய வாக்குச்சாவடிக் கணிப்பில் தெரிவித்தார்கள்.

முதலிடமும் இரண்டாமிடமும் மாறியதோடு, மூன்றாமிடமும் நான்காமிடமும்கூடச் சேர்ந்தே இடம் மாறின என்பதைக் கவனிக்கவேண்டும். சமூக ஜனநாயகரை மேலே தூக்கிவிட்ட வாக்குகள், கிறிஸ்தவ ஜனநாயகரையும், பசுமைக் கட்சியையும், இடதுசாரிகளையும் கரைத்துக்கொண்டு வந்தவை. முதலிடத்துக்கான பத்திரத்தையும் மூன்றாமிடத்துக்கான பத்திரத்தையும் இரு வேறு பந்தயங்களாக நினைத்து வாங்கியவன், ஒரே சம்பவத்தின் மீது இருமுறை பந்தயம் கட்டியவனே ஆவான்.

இங்கேதான் இச்சந்தைகளைப் பற்றிய என் முக்கியமான ஆட்சேபம் பிறக்கிறது. மழை வருமா என்று பந்தயம் கட்டினால், பந்தயத்தின் விலையைப் பார்த்து மேகம் தன் போக்கை மாற்றிக்கொள்வதில்லை. வாக்காளர் மாற்றிக்கொள்வார். ‘மாற்று’ முதலிடம் பெறும் என்ற அனுமானம் பரவப் பரவ, அதைத் தடுக்கவேண்டும் என்று நினைத்தவர்கள் தங்கள் சொந்தக் கட்சியைக் கைவிட்டு வோய்ட்கேயின் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அனுமானம் தன்னைத்தானே பொய்யாக்கிக்கொண்டது. வேறொரு சந்தர்ப்பத்தில், வெல்லும் கட்சியோடு சேர்ந்துகொள்ளும் மனப்பான்மையினால் அதே அனுமானம் தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளவும் கூடும். கருத்துக்கணிப்புக்கும் இந்த இயல்பு உண்டு என்பது மெய்யே. ஆயினும் கருத்துக்கணிப்பு இன்ன கட்சிக்கு 28, இன்ன கட்சிக்கு 27 என்று அளவைச் சொல்லுகிறது, பிழை எல்லையையும் கூடவே சொல்லுகிறது. வரிசைச் சந்தையோ அந்த ஒரு சதவீத இடைவெளியை எடுத்து, ‘முதலிடத்துக்கு 70 வாய்ப்பு’ என்று பெரிதாக்கிக் காட்டுகிறது. 28க்கும் 27க்கும் உள்ள நெருக்கத்தைக் கண்டு உற்சாகமடையக்கூடிய வாக்காளர், 70க்கும் 30க்கும் உள்ள பள்ளத்தைக் கண்டு சோர்ந்தும் போகலாம், வெகுண்டும் எழலாம். இரண்டில் எது நிகழுமென்று அந்த விலையை நிர்ணயித்த வியாபாரிக்கும் தெரியாது.

அடுத்ததாக, முதலிடம் என்பது பாராளுமன்ற முறையில் எதைத்தான் தருகிறது? துரிங்கியாவைப் பார்க்கலாம். 2024 செப்டம்பர் முதல் தேதி அங்கே ‘மாற்று’ 32.8 சதவீதம் பெற்றுச் சந்தேகத்துக்கிடமில்லாமல் முதலாவதாக வந்தது. யுத்தத்துக்குப் பிந்திய ஜெர்மனியில் ஒரு தீவிர வலதுசாரிக் கட்சி மாநிலத் தேர்தலொன்றில் முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை. அக்கட்சியுடன் கூட்டுச்சேர எவரும் முன்வராமையால், இரண்டாவதாக வந்த கிறிஸ்தவ ஜனநாயகரின் மாரியோ ஃபோக்ட், மூன்றாவதாகவும் ஐந்தாவதாகவும் வந்த கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 88 ஸ்தானங்களில் சரிபாதியான 44ஐ வைத்துக்கொண்டே டிசம்பரில் முதன்மந்திரியானார். ஆனால் முதலிடம் முற்றிலும் பயனற்றுப் போய்விடவுமில்லை. சட்டசபைத் தலைவர் பதவிக்குப் பெயர் முன்மொழியும் உரிமை மிகப்பெரிய கட்சிக்கே உண்டு என்று ‘மாற்று’ வாதிட, செப்டம்பர் 26ஆம் தேதி கூடிய முதற்கூட்டம் அமளியில் முடிந்து, வைமாரிலுள்ள மாநில அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு விவகாரம் போய், அதன் தீர்ப்புக்குப் பின்பே கிறிஸ்தவ ஜனநாயகர் ஒருவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலிடத்துக்கு இருந்த நடைமுறைப் பயன் இவ்வளவே. இதைக் காட்டிலும் கனமான விஷயம், அக்கட்சி 32 ஸ்தானங்களைப் பெற்று மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. அரசியல் சாசனத் திருத்தம் முதலாக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருக்கும் தீர்மானங்கள் எதுவும் இனி அதன் சம்மதமின்றி நிறைவேறா. இந்தத் தடைபலம் வரிசையினால் வருவதன்று, எண்ணிக்கையினால் வருவது.

பிராண்டன்பர்க்கில் இரண்டாமிடத்துக்கு இறங்கிய அதே கட்சியும் 88இல் 30 ஸ்தானங்களைப் பெற்று, அதே தடைபலத்தை அடைந்துவிட்டது. முதலிடத்தைக் காப்பாற்றுவதற்காகத் திரண்ட வாக்குகளால் பசுமைக் கட்சி 4.1 சதவீதத்துக்கும் இடதுசாரிக் கட்சி 3 சதவீதத்துக்கும் சுருங்கி, ஐந்து சதவீத வரம்புக்குக் கீழே விழுந்து சட்டசபையை விட்டே வெளியேறின. அதுவரை சமூக ஜனநாயகர், கிறிஸ்தவ ஜனநாயகர், பசுமைக் கட்சியார் மூவரும் சேர்ந்து நடத்திவந்த மந்திரிசபை மீண்டும் அமைய வழியில்லாமற் போயிற்று: சமூக ஜனநாயகரின் 32ம் கிறிஸ்தவ ஜனநாயகரின் 12ம் சேர்ந்தால் சரியாக 44, பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. பதவி துறக்க நேராமல் தப்பிய வோய்ட்கே, வாகன்க்னெஷ்ட் கட்சியின் 14 ஸ்தானங்களை நாடிப் போக வேண்டியதாயிற்று. முதலிடப் பத்திரத்தை வாங்கியவனுக்கு அன்றிரவே லாபமோ நஷ்டமோ தீர்ந்துவிட்டது. மாநிலத்தின் எதிர்காலத்தை நிர்ணயித்த மூன்று செய்திகளாகிய தடைபலம், வரம்புக்குக் கீழே விழுந்த கட்சிகள், குறைந்துபோன ஒரு ஸ்தானம் ஆகியவற்றில் ஒன்றையும் அந்தப் பத்திரம் தொடக்கூட இல்லை.

ஒரு பந்தயம் எதை வைத்துத் தீர்க்கப்படும் என்பதும் சிறு விஷயமன்று. துரிங்கியாவில் தேர்தல் நடந்த அதே நாளில் சாக்ஸனியிலும் வாக்குப்பதிவு நடந்தது. கிறிஸ்தவ ஜனநாயகர் 31.9, ‘மாற்று’ 30.6 சதவீதம் என்பதில் தகராறில்லை. அன்றிரவு தேர்தல் அதிகாரிகள் வெளியிட்ட ஸ்தானக் கணக்கில் கிறிஸ்தவ ஜனநாயகருக்கு 42, ‘மாற்று’க்கு 41 என்றிருந்தது; மறுநாள் அது முறையே 41, 40 என்று திருத்தப்பட்டு, குறைந்த இரண்டு ஸ்தானங்களும் சமூக ஜனநாயகருக்கும் பசுமைக் கட்சிக்கும் போயின. வாக்குகளை ஸ்தானங்களாக மாற்றும் முறையைச் சட்டம் மாற்றியிருக்க, கணினி நிரல் பழைய டோண்ட் முறைப்படியே கணக்குப் போட்டுவிட்டதுதான் காரணம். பழைய முறை பெரிய கட்சிகளுக்குச் சற்று அனுகூலமானது; புதிய ஸாங்-லாகே முறை சிறு கட்சிகளிடம் அவ்வளவு கடுமை காட்டுவதில்லை. 120 பேர் கொண்ட அந்தச் சபையில் 40 என்பது சரியாக மூன்றில் ஒரு பங்கு. 41 என்றால் தடைபலம் உண்டு, 40 என்றால் இல்லை. ஒரு நிரலின் பிழையினால் ஒரே இரவில் ஒரு கட்சிக்குத் தடைபலம் வந்தது, விடிந்ததும் போயிற்று.

ஸ்தானங்களை வைத்துப் பந்தயம் கட்டியவர்களுக்கு அன்று இரவின் அறிவிப்பு செல்லுமா, மறுநாளின் திருத்தம் செல்லுமா என்ற கேள்விக்கு விடை, பத்திரத்தின் நிபந்தனைகளில் சிறிய எழுத்தில் எங்கோ இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தகராறுதான். பாலிமார்க்கெட் என்ற பெரிய சந்தையில் இத்தகைய தகராறுகள், ஒரு குறிப்பிட்ட மின்நாணயத்தை வைத்திருப்பவர்கள் வாக்களிப்பதன் மூலம் தீர்க்கப்படுகின்றன. அவ்வாறு தீர்ப்பளிக்கிறவர்களே அதே பந்தயத்தில் பணம் போட்டிருப்பதையும் விதி தடுக்கவில்லை. நியாயம் வழங்குபவனுக்கு வழக்கில் பங்கிருக்கலாகாது என்பது நம் கிராமப் பஞ்சாயத்துகளிலும் அறிந்த நீதி.

வாக்குகளால் வரிசையா, ஸ்தானங்களால் வரிசையா என்பதும் அவ்வாறே தெளிவாக்கப்படவேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1996இல் நடந்த தேர்தலில் லிபரல் கட்சி ஏறக்குறைய 42 சதவீத வாக்குகளோடு முதலிடம் பெற்றும், 39 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டு வாங்கிய புதிய ஜனநாயகக் கட்சியே 75 ஸ்தானங்களில் 39ஐ வென்று ஆட்சி அமைத்தது. அயோவாச் சந்தையில் 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் பத்திரம் நாடளாவிய வாக்கு எண்ணிக்கையை ஆதாரமாகக் கொண்டிருந்தமையால், புஷ் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோதிலும் அதிக வாக்குப் பெற்ற கோரின் பத்திரத்தை வைத்திருந்தவர்களுக்கே பணம் கிடைத்தது. இரண்டும் விதிப்படி சரியே. விதியைப் படிக்காமல் விலையை மட்டும் படித்தவர்கள்தாம் ஏமாந்தார்கள்.

வாக்குப்பதிவு நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஜெர்மனியில் மாலை ஆறு மணிக்கு வாக்குச்சாவடிகள் மூடப்படும் வரையில் வாக்குச்சாவடிக் கணிப்பை வெளியிடுவது சட்டவிரோதம். ஆயினும் பிற்பகலிலேயே அந்த எண்கள் கட்சித் தலைமைக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ரகசியமாகப் போய்ச் சேர்ந்துவிடுவது எல்லாரும் அறிந்த வழக்கம். 2009 ஆகஸ்ட் 30ஆம் தேதி இதே சாக்ஸனியிலும் துரிங்கியாவிலும் தேர்தல் நடந்தபோது, வாக்குப்பதிவு முடியுமுன்பே அந்த எண்கள் ட்விட்டரில் கசிந்து பெரும் சர்ச்சை எழுந்தது. வரிசைச் சந்தை அந்த நேரத்திலும் திறந்திருக்குமானால், எண்ணைத் தெரிந்துகொண்டவன் அதை வெளியே சொல்லவேண்டிய அவசியமே இல்லை, வாங்கினாலே போதும். விலை தாவும், தாவலைப் பார்த்து உலகம் புரிந்துகொள்ளும். சட்டம் எந்த வாயை மூடியதோ அந்த வாய் விலையின் வழியாகப் பேசிவிடும். இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும் வாக்காளர் கைப்பேசியில் அந்த விலையைக் காண்பதை, கணிப்பை வெளியிடுவதற்கு விதித்த அந்தத் தடை தடுப்பதில்லை.

பெருந்தனவந்தன் ஒருவன் சிறு சந்தையில் புகுந்து விலையைத் தூக்கி நிறுத்த முடியுமா என்று கேட்பார்கள். 2012 அமெரிக்கத் தேர்தலில், இன்ட்ரேட் என்ற சந்தையில் ஒரே ஒரு நபர் வேட்பாளர் ராம்னியின் பத்திரங்களை இடைவிடாமல் வாங்கிப் பல நாட்கள் விலையைத் தாங்கி நின்றதையும், கடைசியில் பல லட்சம் டாலர் நஷ்டமடைந்ததையும் ஆராய்ச்சியாளர் பதிவுசெய்திருக்கிறார்கள். அத்தனை பெரிய சந்தையிலேயே அது சாத்தியமாயிருந்தது. பிராண்டன்பர்க் போன்ற ஒரு மாநிலத்தின் மூன்றாமிடத்தைப் பற்றிய பத்திரத்தில் அதற்குப் பெருந்தனவந்தன் வேண்டாம். நடுத்தர வசதியுள்ள ஒரு கட்சி அபிமானி போதும்.

இவ்வளவும் சொன்னதால், தேர்தல்களின் மீதான சந்தைகள் யாவும் தீயவை என்பது என் அபிப்பிராயமன்று. அயோவாவின் முதற்சந்தையில் 1988இல் விற்கப்பட்ட பத்திரம் வரிசையைப் பற்றியதே அல்ல. ஒரு வேட்பாளர் எத்தனை சதவீத வாக்குப் பெறுகிறாரோ அந்த விகிதப்படி பணம் தருவது. பத்திரத்தின் முழு மதிப்பு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 45 பெற்றால் 45 சென்ட், 53 பெற்றால் 53 சென்ட். அந்த முறையில் ஒரு சதவீத வித்தியாசம் ஒரு சென்ட் வித்தியாசமாகவே நிற்கும். பத்திரம் பூஜ்யத்துக்கும் நூறுக்கும் இடையே கூத்தாடாது. ஐந்து சதவீத வரம்பை ஒரு சிறு கட்சி தாண்டுமா என்பது அதன் விலையிலேயே தெரியும்; தடைபலத்துக்கு எவ்வளவு தேவை என்பதையும் அதிலிருந்தே கணிக்கலாம். பல கட்சிகள் போட்டியிடும் விகிதாசாரச் சட்டசபைகளுக்கு இதுவே பொருத்தமான கருவி. ஆராய்ச்சியாளரின் கையில் இருந்த இந்த நல்ல கருவி வியாபாரிகளின் கைக்கு மாறியபின் பின்தள்ளப்பட்டு, உணர்ச்சியைத் தூண்டும் வரிசைப் பத்திரம் முன்னுக்கு வந்ததன் காரணம், அதில் பணம் வேகமாகக் கைமாறுகிறது என்பதன்றி வேறொன்றுமில்லை.

ஆகையால், இத்தகைய விலைகளைச் செய்தியாகப் பிரசுரிக்கும் பத்திரிகாசிரியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. ஒரு மாநிலத் தேர்தலில் இன்ன கட்சி முதலிடம் பெற நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்று அச்சிடுவதற்கு முன்னால், அந்தப் பத்திரம் வாக்கை எண்ணுகிறதா ஸ்தானத்தை எண்ணுகிறதா, எந்த அதிகாரியின் எந்த நாள் அறிவிப்பை முடிவாகக் கொள்கிறது, அதன் மேல் மொத்தம் எவ்வளவு பணம் போடப்பட்டிருக்கிறது என்பவற்றையும் அதே வரியில் அச்சிடுங்கள். அவை கிடைக்காவிட்டால் அந்த எண்ணையும் அச்சிடாதீர்கள். சட்டம் இயற்றுவோர், வாக்குச்சாவடி திறக்கும் கணம் முதல் மூடும் கணம் வரை இந்தச் சந்தைகளையும் மூடிவைக்கும்படி விதி செய்யட்டும்.